விளிம்பு இல்லாத இடத்தில் விளிம்பு விளைவு

மதுரையில் உலோக ஆய்வு பற்றித் தமிழில் யார் பேசினாலும் ‘எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு’ வந்துவிடுகிறது. அண்மையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் அதன் தம்பி ‘நியூட்ரான் விளிம்பு விளைவு’ம் வந்து சேர்ந்தது. பொறுத்தது போதும்.

அவர்கள் சொல்ல வருவது டிஃப்ராக்‌ஷன். உடைத்துச் சிதறச் செய்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து இத்தாலியப் பாதிரியார் கிரிமால்டி ஆக்கிய சொல். அவர் இறந்தபின் 1665-இல் அச்சான நூலில் இருக்கிறது. சிறு துளை வழியே வந்த ஒளி நேர்கோட்டை மீறிப் பரவியதை அவர் கண்டார். அங்கே விளிம்பு உண்டு. நம் பாடநூல்காரர்கள் அந்தத் துளையருகிலேயே நின்றுவிட்டார்கள்.

1912-இல் ஜெர்மன் இயற்பியலாளர் லாவேயின் யோசனைப்படி படிகத்துக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். அணுக்கள் கதிரைச் சிதறடிக்க, சிதறிய அலைகள் சில திசைகளில் மட்டும் கூடி வலுப்பெற்றன. அந்தக் கோணத்தை அளந்தால் அணு அடுக்குகளின் இடைவெளி தெரியும் என்று இயற்பியலாளர்களான பிராக் தந்தையும் மகனும் காட்டினார்கள். உலோகம் இழுபட்டிருந்தால் இடைவெளி மாறும், கோணம் நகரும். தட்டிச் செய்த பித்தளைக் குடத்தில் எஞ்சி நிற்கும் தகைவை (ஸ்ட்ரெஸ், உள்ளே தங்கிய இறுக்கம்), குடத்தை அறுக்காமலே இப்படி அறியலாம். வழக்கமான ஆய்வுக்கூட எக்ஸ் கதிர் எஃகின் மேல்தோலோடு நின்றுவிடும். நியூட்ரான் சில சென்டிமீட்டர் உள்ளே போகும். அந்த ஆழத்தில் எந்த விளிம்பைத் தேடுவது?

சொல் வேறு வழியிலும் தொல்லை தருகிறது. தகட்டின் வெட்டுவிளிம்பில் தகைவு வேறாக இருப்பது உண்மையாகவே ஒரு விளிம்பு விளைவு. ‘விளிம்பு விளைவை விளிம்பு விளைவால் அளந்தோம்’ என்று எழுதிப் பாருங்கள். வினையும் கிடையாது. கதிர் சிதறும், விலகும். இங்கே என்ன செய்யும்? ‘விளிம்பு விளைவுக்கு உட்படும்’. அரசாணை வாசிப்பதுபோல் இருக்கிறது.

இலங்கைப் பாடநூல்களில் இதற்குக் கோணல் என்று பெயர். நான் அதன் கட்சி. கோணு என்ற வினை கையில் இருக்கிறது: கதிர் கோணும், கோணிய கதிர், கோணாத கதிர். கோணம் வடசொல்லா தமிழா என்ற சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். கோணத்தை அளக்கும் வேலைக்குக் கோணல் பொருந்தாமல் வேறென்ன பொருந்தும்? ‘கோணல் புத்தி’ என்று எங்கள் ஊரில் சிரிப்பார்களாம். தகைவும் திரிபும் (ஸ்ட்ரெய்ன்) முதலில் கேட்டவனுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ‘விலகல்’ போதும் என்பவர்கள், அந்த இடத்தில் ஒளிவிலகல் ஏற்கெனவே குடியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். லத்தீன் வேரைப் பிடித்து ‘முறிவு’ என்றாலும் வம்பு. இலங்கையில் ஒளிவிலகலுக்கு அதுதான் பெயர்.

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதியின் வலப்பக்கம் போதும். மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையிலும் இந்தூரில் எக்ஸ் கதிர் தரும் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானிலும் இந்த வேலை நடக்கிறது; கருவி எதை அளக்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல் தேடினால் என்ன?

கருவியைக் கோணல்மானி என்றால் கோணமானியோடு குழம்பும் என்றார் ஒரு தமிழாசிரியர். குழம்பட்டும், ஐயா, இரண்டும் கோணத்தைத்தானே அளக்கின்றன. நியூட்ரானை ‘நொதுமி’ ஆக்கச் சொல்லி அடுத்த கோரிக்கை வைத்தார். நியூட்ரான் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கும் பொருள் தவறவில்லை.