'கேவிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

போன மாதம் ஒரு பயண ஏற்பாட்டாளர் பிழை திருத்தச் சொல்லி ஒரு துண்டறிக்கை அனுப்பியிருந்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுண்ணாம்புமலைக் குகைகளுக்கு வழிகாட்டியோடு போய்வரும் ஒருநாள் பயணம் பற்றியது. புதியவர்களும் வரலாம், குகைப் பைத்தியம் பிடித்தவர்களும் வரலாம். ஆங்கில மூலத்தில் 'கேவிங்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'குகை ஆராய்ச்சி' என்று போட்டிருந்தார்கள். "புதியவர்களுக்கான குகை ஆராய்ச்சி, மதிய உணவு உட்பட" என்ற வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். முனைவர் பட்டம் இருந்தால்தான் சேர்ப்பார்களோ என்று தோன்றியது. அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறென்ன எழுதுவது என்று யோசித்தேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. குகையை அறிவியலாகப் படிப்பது 'ஸ்பீலியாலஜி'. குகை என்று பொருள்படும் 'ஸ்பெலாயான்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எதுவார் மார்த்தேல் என்ற பிரெஞ்சுக்காரர் 1895-இல் பாரிசில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். 'கேவிங்' அதற்கு நேர்மாறான எளிய சொல்; உள்ளே போய் நடந்து, தவழ்ந்து, நனைந்து வெளியே வருவது, அவ்வளவுதான். மூன்றாவது 'ஸ்பெலங்கிங்', லத்தீன் 'ஸ்பெலுங்கா'வின் வழிவந்தது. அமெரிக்காவில் இப்போது அதைச் சொன்னால் பழகியவர்களுக்குக் கோபம் வரும். கைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு செருப்புக் காலோடு உள்ளே போய் மாட்டிக்கொள்பவரை இடித்துக்காட்டத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆக, படிப்பவர், போய்வருபவர், மாட்டிக்கொள்பவர் என்று மூன்று பேருக்கு மூன்று சொல். நாம் மூன்று பேரையும் 'ஆராய்ச்சி'யில் தள்ளிவிட்டோம்.

'குகை'யிலிருந்தே தொடங்கலாம். வடமொழியில் 'குஹ்' என்ற வேருக்கு மறைத்தல் என்று பொருள். அதிலிருந்து 'குஹா', அது தமிழுக்கு வந்து குகை. முருகனுக்குக் குகன் என்ற பெயரும் இந்த வழிதான்; இதயக் குகையில் இருப்பவன் என்று விளக்கம் சொல்வார்கள். மலாய் மொழியிலும் குகைக்குப் பெயர் 'குவா'. அதுவும் அதே 'குஹா'தான், கடல் கடந்து போனதில் நடுவில் இருந்த ஹகரம் தேய்ந்துவிட்டது. பத்துமலையில் தைப்பூசத்துக்கு 272 படி ஏறுகிறவர்கள், குகனைப் பார்க்க ஒரு 'குவா'வுக்குள் போகிறார்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பத்துமலையில் பத்து மலை கிடையாது. 'பாத்து' என்றால் மலாயில் கல். எண்ணிப் பார்த்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வடசொல் வேண்டாம், நல்ல தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்களுக்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அளை, விடர், முழை, முழைஞ்சு என்று வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் என்ன இடத்தைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். உன் மகன் எங்கே என்று கேட்டவளுக்குப் புறநானூற்றுத் தாய், "புலி சேர்ந்து போகிய கல்அளை போல ஈன்ற வயிறோ இதுவே" என்று தன் வயிற்றைக் காட்டுகிறாள். புலி வந்து தங்கிப் போன கல் அளை. அளை என்பது ஓர் உயிர் ஒண்டிக்கொள்ளும் பொந்து. நண்டு இருப்பதும் அளைதான். விடர் என்பது பாறை வெடித்த பிளவு. முழைஞ்சு எது என்று மார்கழியில் திருப்பாவை பாடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: "மாரி மலைமுழைஞ்சில் மன்னிக் கிடந்துறங்கும் சீரிய சிங்கம்." மழைக்காலம், வெளியே போக முடியாது, சிங்கம் படுத்துத் தூங்குகிறது.

அந்த வரியில்தான் எனக்கு விடை கிடைத்தது. முழைஞ்சு மழைக்கு ஒதுங்கும் இடம். சுண்ணாம்புமலைக் குகையோ மழை வந்தால் முதலில் வெளியேற வேண்டிய இடம். 2018 ஜூனில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 பையன்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டது இதனால்தான். அவர்கள் உள்ளே இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது, திரும்பும் வழியில் தண்ணீர் ஏறிவிட்டது. தமிழ்நாட்டுக் குகைகளில் பெரும்பாலானவை கருங்கல்லும் அதைப் போன்ற கடும்பாறையும். அந்தப் பாறை கரையாது. உருளும், வெடிக்கும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிழல் தரும். சித்தன்னவாசலில் சமணத் துறவிகள் படுக்கை வெட்டிக்கொண்டதும் அப்படிப்பட்ட ஒரு குகைத்தளத்தில்தான். வாசலில் நின்றால் கடைசிச் சுவர் வரை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் நம் பழைய சொற்கள் அந்த அளவுக்கே பொருந்துகின்றன என்று நினைக்கிறேன்.

ஆழமாக, இருட்டாக, போய்க்கொண்டே இருப்பதற்கு நம் இலக்கியம் எடுத்துக்கொண்ட சொல் பிலம். வடமொழியில் 'பில' என்றால் வளை. கம்பராமாயணத்தில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்றே ஒரு படலம் இருக்கிறது. சீதையைத் தேடிப்போன வானரர்கள் இருட்டுக்குள் நுழைந்து, வழி தெரியாமல் திண்டாடி, ஒருவாறு வெளியே வரும் கதை. மாயாவியைத் துரத்திக்கொண்டு வாலி போனதும் ஒரு பிலத்துக்குள்தான். சுக்கிரீவனை வாசலில் காவல் வைத்துவிட்டுப் போனான். எத்தனை நாளில் வராவிட்டால் என்ன செய்வது என்று பேசிவைக்கவில்லை. பிறகு வாசலைக் கல்லால் அடைத்ததும், அண்ணன் தம்பி சண்டையும் ஊர் அறிந்தது. உள்ளே போகுமுன் வெளியே ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போ என்று இன்றைய வழிகாட்டிகள் தலைபாடாய் அடித்துக்கொள்வதும் இதைத்தான். ஆந்திரத்தில் நந்தியால் பக்கம் 'பேலும் குகலு' என்றொரு சுண்ணாம்புக் குகை இருக்கிறது, 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 'பேலும்' என்பது பிலம் என்பதன் திரிபு என்கிறார்கள். அப்படியானால் அதற்குக் குகைக் குகைகள் என்று பெயர்!

நம் துண்டறிக்கையில் இருந்தது கோப்பெங் அருகிலுள்ள குவா தெம்புரோங். தெம்புரோங் என்றால் சிரட்டை. ஊரில் கொட்டாங்கச்சி என்பார்கள். உள்ளே அண்ணாந்து பார்த்தால் கூரை சிரட்டையைக் கவிழ்த்தமாதிரி குவிந்து நிற்கிறது. நாம் கிணற்றுத் தவளை என்பதை மலாய்க்காரர்கள் 'சிரட்டைக்குக் கீழ்த் தவளை' என்பார்கள், அதே தெம்புரோங். ஓர் ஆறு அந்த மலையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகிறது. புதியவர்கள் கட்டிய படிகளிலும் நடைபாதையிலும் நனையாமல் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆர்வம் உள்ளவர்கள் தலைக்கவசமும் நெற்றிவிளக்கும் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்க வேண்டும். சில இடங்களில் நடக்கலாம், சில இடங்களில் குந்தி நகரலாம், ஓரிரு இடத்தில் உடம்பு தண்ணீரில் பட மல்லாந்தோ குப்புறவோ ஊர்ந்துதான் ஆக வேண்டும். நான் போனபோது ஓரிடத்தில் வழிகாட்டி எல்லாரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கையை மூக்குக்கு நேரே கொண்டுவந்து ஆட்டினேன், காற்று மட்டும்தான் தெரிந்தது. கும்மிருட்டு என்று அதுவரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், மின்வெட்டுக்கெல்லாம்.

எங்கோ ஒரு சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. குகையைக் கட்டியதும் அந்தச் சொட்டுதான், குடைந்ததும் அதுதான். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. புளித்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து வெற்றிடமாக்குகிறது. அதே நீர் குகைக் கூரையில் தொங்கும்போது வாயு வெளியேறிவிட, கரைந்த சுண்ணாம்பு கல்லாகப் படிகிறது. கடின நீர் ஊரில் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதும் இதே சுண்ணாம்புதான். மேலிருந்து தொங்குவதற்குக் 'கல்விழுது' என்ற பெயர் நிலைத்துவருகிறது. ஆலமரம் பார்த்தவர்கள் வைத்த பெயர், விளக்கமே தேவையில்லை. தரையிலிருந்து எழுவதற்குக் 'கல்முளை' எனக்குப் பிடிக்கும். இரண்டும் கைகோத்தால் தூண். விரல் எண்ணெய் பட்டால் வளர்ச்சி கெட்டுவிடும் என்பதால் தொடக்கூடாது.

சுண்ணாம்புக்கல் இப்படிக் கரைந்து உண்டாகும் நிலத்தோற்றத்துக்கு உலகப் பெயர் 'கார்ஸ்ட்'; சுலோவேனியாவில் உள்ள ஒரு பீடபூமியின் பெயர் அது. அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்பது என் கட்சி. ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல் தரைதான். நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து உள்ளே விழுந்த பள்ளம். அங்கே குகைக்குள் போகத் தேவையில்லை, குகையே வாய்திறந்து தண்ணீர் காட்டுகிறது.

சரி, துண்டறிக்கைக்கு வருவோம். 'ஸ்பீலியாலஜி'க்குக் குகையியல் சரி, அதில் சண்டை இல்லை. நனையாமல் படியேறிப் பார்த்துவருவதற்கு நகர்வலம் போலக் குகைவலம் என்று வைத்தேன். தவழ்ந்து நனைந்து போவதுதான் சிக்கல். 'குகையேற்றம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். மலையேற்றத்தைப் பார்த்துப் போட்டது, ஆனால் குகையில் ஏறுவதைவிட இறங்குவது அதிகம். 'குகைப்புகல்' நன்றாகத்தான் ஒலித்தது, படிப்பவர் தஞ்சம் புகுந்ததாக நினைப்பார். 'குகைச் சாகசம்' சர்க்கஸ்போல இருந்தது. கடைசியில் குகைநுழைவு என்று எழுதினேன். நுழைதல் என்றாலே நாம் உடம்பைக் குறுக்கிக்கொள்கிறோம், அதனால். முழைநுழைவு என்று எழுத ஆசைதான். அதைப் படித்துவிட்டு யாரும் பணம் கட்டமாட்டார்கள்.

ஏற்பாட்டாளருக்கு இரண்டு சொல்லும் பிடித்துவிட்டது. மறுநாள் மட்டும் ஒரு செய்தி அனுப்பினார்: விலைப்பட்டியலில் 'குகைநுழைவுக் கட்டணம்' என்று இருக்கிறதே, ஆற்றுப் பாதைக்கா, வாசலில் வாங்கும் டிக்கெட்டுக்கா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அந்த ஒரு வரியில் 'ஆற்றுப் பாதை' என்றே போட்டுவிடுங்கள் என்று பதில் அனுப்பினேன்.