மார்ஜின் தெரியவில்லை, டாக்டர்

கிரவுன், அதாவது தேய்த்த பல்லின் மேல் மாட்டும் செயற்கை உறை, உட்காரவில்லை. மேல் கடைவாய்ப் பல். நோயாளி வாயைத் திறந்தபடி நெடுநேரமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். ஓரம் மூன்று பக்கம் பொருந்துகிறது, பின்பக்கம் மட்டும் எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்கருவியின் முனை தட்டி நிற்கிறது. "லேப்பில் சரியாகச் செய்யவில்லை, திருப்பி அனுப்புகிறேன்" என்று அவரிடம் சொன்னேன். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் இந்த வாக்கியத்தைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று கோபத்தில் நானே லேப்புக்குப் போனேன். டெக்னீஷியன் எதுவும் பேசவில்லை. என் கேஸின் டையை, அதாவது நான் அனுப்பிய அளவிலிருந்து வார்த்த பல் மாதிரியை, எடுத்து உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கிரவுனின் ஓரம் வந்து நிற்க வேண்டிய மார்ஜின் கோடு மூன்று பக்கம் தெளிவாக ஓடியது. பின்பக்கம் கோடே இல்லை. அளவெடுத்த பொருள் அங்கே கிழிந்து, ஒரு சரிவு மட்டும் பதிவாகியிருந்தது. அந்த இடத்தில் அவர் உத்தேசமாக ஒரு கோடு போட்டு முடித்திருந்தார்.

"என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"இதற்கு முன் ஒரு கேஸுக்குக் கூப்பிட்டேன் டாக்டர். மார்ஜின் தெரியவில்லை என்றேன். இருப்பதை வைத்துச் செய்யுங்கள் என்றீர்கள்."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்று உடனே தெரிந்தது. காத்திருப்போர் வரிசை நீண்டிருக்கும் நேரத்தில் வரும் அழைப்புக்கு நாம் சொல்லும் பதில் அதுதான். அப்படி ஒரு முறை சொன்னால் போதும், அவர் மறுபடி அழைக்க மாட்டார். ஊகித்துச் செய்வார். பல் மருத்துவருக்கும் லேப்புக்கும் இடையே கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பகுதி இந்த மௌனத்தில்தான் கெடுகிறது என்பது என் அனுபவம்.

டெக்னீஷியன் நோயாளியைப் பார்ப்பதில்லை. உதடு எவ்வளவு உயர்கிறது, இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா, பக்கத்துப் பல் எந்த நிறம் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. நாம் அனுப்பும் அச்சும் ஒரு துண்டுச் சீட்டும்தான் அவருக்குக் கிடைக்கும் முழு நோயாளி. அந்தச் சீட்டில் நாம் எழுதுவது பல நேரம் "கிரவுன், ஏ2" மட்டும். ஏ2 என்பது பல் நிறத்தின் எண்.

முதலில் மார்ஜின். மெக்லீனும் வான் ஃப்ரான்ஹோஃபரும் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, கிரவுன் ஓர இடைவெளி 120 மைக்ரான் வரை இருக்கலாம் என்றது. ஒரு தலைமுடியின் தடிமனையொட்டிய அளவு அது. ஊகித்துப் போட்ட கோடு அந்த அளவுக்குள் நிற்பது அதிர்ஷ்டம்தான். ஈறை விலக்கும் நூலை (கார்டு) வைத்து, இரத்தக் கசிவை நிறுத்தி, பிறகே அளவெடுக்க வேண்டும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அவசரத்தில் தவறவிடுவது அதற்கு அடுத்த படி: எடுத்த அளவை லூப்ஸ் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சுற்றிலும் பார்ப்பது. நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பார்த்தால் இன்னொரு அளவெடுக்கச் சில நிமிடங்கள் போதும். லேப்புக்குப் போன பிறகு தெரிந்தால் இன்னொரு நாள், இன்னொரு மரப்பு ஊசி.

அளவெடுக்கப் பயன்படும் அடிஷன் சிலிகான் புட்டியை லேட்டக்ஸ் கையுறையோடு பிசைந்தால், கையுறையிலுள்ள கந்தகம் அது இறுகுவதைத் தடுக்கும். பிசுபிசுத்த அந்தப் பரப்பு லேப்பில் சொரசொரப்பான டையாக வந்து நிற்கும். எதிர்த் தாடைக்கு எடுத்த ஆல்ஜினேட் அச்சை மேஜையில் விட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனால் அது நீரை இழந்து சுருங்கும். ஈரப் பஞ்சில் அமிழ்த்தி வைத்தால் நீரை உறிஞ்சி உப்பும். இரண்டிலும் மாடல் பார்க்க நன்றாகவே இருக்கும், கடி மட்டும் பொருந்தாது. டெக்னீஷியனால் கண்டுபிடிக்கவே முடியாத பிழை இது. அதனால் ஆல்ஜினேட்டுக்கு உடனே கல்மாவு ஊற்றி மாடல் எடுக்கும் வேலையை எங்கள் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டோம்.

அடுத்து, இடம். பீங்கான் பூசிய உலோகக் கிரவுனுக்கு இடம் விட, பல்லைக் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை குறைக்க வேண்டும். சிர்கோனியா என்ற கடினப் பீங்கானுக்கு 1 முதல் 1.5 வரை. கடைசிக் கடைவாய்ப் பல்லில் நாம் குறைத்துவிட்டதாக நினைப்பதும் உண்மையில் குறைத்ததும் ஒன்றாக இருப்பதில்லை. இடம் போதாதபோது டெக்னீஷியனுக்கு மூன்று வழிகள்: கிரவுனை மெலிதாக்குவது, எதிர்ப்பல்லை மாடலில் தேய்த்துக் குறித்து அனுப்புவது, அல்லது எவ்வளவு குறைக்க வேண்டும் என்று காட்டும் ஒரு சிறு தொப்பியைச் செய்து தருவது. எதைச் செய்யலாம் என்று நாம் எழுதாவிட்டால், கேஸ் தாமதமாகாத வழியையே அவர் எடுப்பார். மெலிந்த பீங்கான் சில மாதங்களில் உடையும். எங்கள் சீட்டில் "இடம் போதாவிட்டால்" என்று ஒரு வரி சேர்த்தோம். நான் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது அதுதான்.

நிறத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயாளி கண்ணாடியில் பார்ப்பது அதைத்தான். பல்லைத் தேய்த்து முடித்து, வாய் வறண்ட பிறகு ஷேடு (பல்லின் நிறம்) பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலர்ந்த பல் வெளுத்துத் தெரியும். அப்போது தேர்ந்தெடுத்த நிறம், பல் மறுபடி ஈரமானதும் பக்கத்துப் பல்லோடு ஒட்டாது. அளவு, ஊசி எல்லாவற்றுக்கும் முன்னால், பகல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சில விநாடிகளுக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் களைத்து வேறுபாடு மங்கும். வீட்டா கிளாசிக்கல் ஷேடு கைடு என்ற நிற மாதிரித் தொகுப்பில் 16 நிறங்கள்தான் உண்டு. மனிதப் பற்கள் அந்தப் பதினாறுக்குள் அடங்குவதில்லை. கழுத்துப் பகுதி ஒன்று, நடுப்பகுதி ஒன்று, நுனியில் கண்ணாடி போன்ற தெளிவு என்று ஒரே பல்லில் மூன்று இருக்கும். அதில் தேர்ந்த ஷேடு டேபை (மாதிரிப் பல்லை) நோயாளியின் பல்லின் தளத்திலேயே, அதன் எண் தெரியும்படி பிடித்து ஒரு படம் எடுத்தனுப்புங்கள். டெக்னீஷியன் எண்ணை நம்புவதில்லை, டேபுக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறார். லித்தியம் டைசிலிகேட் போன்ற ஒளி ஊடுருவும் பொருளானால் தேய்த்த பல்லின் நிறத்தையும் அனுப்ப வேண்டும். வேர் சிகிச்சை செய்து கறுத்த பல்லின் மேல் மெல்லிய பீங்கான் வைத்தால் அந்தக் கறுப்பு சாம்பலாக வெளியே வரும்.

வாய்க்குள் விட்டு அளவெடுக்கும் ஸ்கேனர் வந்த பிறகு இவையெல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைத்தேன். ஸ்கேனர் ஈறுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இரத்தமும் உமிழ்நீரும் மூடிய மார்ஜினை அது வழவழப்பான பரப்பாக நிரப்பிக் காட்டும். கிழிந்த அச்சில் குறை கண்ணுக்குத் தெரியும், இதில் தெரியாது. அதனால் கூடுதல் கவனம் வேண்டும்.

அவகாசம் பற்றியும் சொல்ல வேண்டும். சிர்கோனியா கிரவுனை 20 முதல் 25 சதவீதம் வரை பெரிதாகக் கடைந்து, ஏறக்குறைய 1500 டிகிரி சூட்டில் சுட்டுச் சுருக்கி எடுக்கிறார்கள். வழக்கமான முறையில் அந்தச் சூளைக்கே பல மணி நேரம் ஆகும். லேப்பைக் கேட்காமல் நோயாளிக்கு நாள் கொடுத்துவிட்டு "நாளைக்கு வேண்டும்" என்றால், குறைவது எங்கோ ஒரு படி.

இரத்தக் கறையோடு அளவை அனுப்புவது அடுத்தவர் உடல்நலத்தோடு விளையாடுவது. கழுவி, கிருமிநீக்கம் செய்து, எதில் எவ்வளவு நேரம் வைத்தோம் என்று சீட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர் பாதுகாப்புக்காக மறுபடி ஊற வைப்பார், ஆல்ஜினேட் அதைத் தாங்காது.

லேப்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எழுதிய உலோகம் கையில் இல்லையென்று இன்னொன்றை மாற்றிப் போடுவதும், கேஸைச் சொல்லாமல் வேறு லேப்புக்கு அனுப்புவதும் நடக்கிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு நிக்கல்-குரோமியம் போய்விட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர். என்ன பொருள், எந்த நிறுவனம் என்ற விவரத்தை ஒவ்வொரு கேஸோடும் அனுப்புங்கள். நோயாளி கேட்டால் அதை அவரிடம் கொடுக்க நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு டெக்னீஷியனிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். சந்தேகம் வந்தால் வேலையை அப்படியே நிறுத்தி டையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நான் மறு அளவெடுப்பேன், அதனால் ஆகும் தாமதத்தை நோயாளியிடம் என் பிழையாகவே சொல்வேன். முதல் சில வாரங்கள் அடிக்கடி படம் வந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. பிறகு குறைந்தது.

ஒரு முறை அவரே கேட்டார்: ஒட்டிய அன்று எடுக்கும் படம் போதவில்லை, இரண்டு வாரம் கழித்து ஈறு எப்படி இருக்கிறது என்று காட்ட முடியுமா? அத்தனை ஆண்டுகளில் தான் செய்த ஒரு கிரவுனைக்கூட அவர் வாயில் பார்த்ததில்லை. இப்போது நோயாளி சம்மதித்தால், அவர் பெயரோ முகமோ தெரியாதபடி, அந்தப் படத்தை அனுப்புகிறேன். ஈறு சிவந்திருந்தால் எந்த இடம், எந்தப் பக்கம் என்று கேட்டு அந்த டையை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்.