நான்மடங்கு அல்ல, நாற்புரி

“பொட்டாசியம் அயனி சேர்ந்ததும் டி.என்.ஏ. நான்மடங்காகிறது.” அண்மையில் ஓர் அறிவியல் உரையில் இப்படிச் சொன்னார்கள். நான் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. பக்கத்தில் இருந்த மாணவர் மெதுவாகக் கேட்டார்: “அப்போ எடையும் நாலு மடங்கு ஆகுமா சார்?” அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மூலச்சொல் குவாட்ருப்ளெக்ஸ்; டி.என்.ஏ. நான்கு பக்கமாகச் சேர்ந்து நிற்கும் ஒரு வடிவத்தின் பெயர். லத்தீன். முன்பாதி நான்கு, பின்பாதி மடிப்பு. சொற்பிறப்பு அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டி ‘மடங்கு’ என்று போட்டுவிட்டார். கால் மடங்குகிறது, கத்தி மடங்குகிறது என்கிறோமே, அதுவும் மடிதல்தானே என்று வாதாடலாம். சரி. ஆனால் முன்னால் ஓர் எண்ணை வைத்ததும் மடங்கு கணக்குச் சொல்லாகிவிடும். வெங்காயம் நாலு மடங்கு என்றால் விலை ஏறிவிட்டது என்றுதான் பொருள். யாரோ வெங்காயத்தை மடித்து வைத்தார்கள் என்றல்ல. ‘நான்மடி’ என்று திருத்துகிறவர்களும் உண்டு. எனக்கு அதைக் கேட்டால் பெட்டிபோட்டு வைத்த வேட்டிதான் கண்ணில் தெரிகிறது.

நடப்பது என்ன? டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று குவானின். நான்கு குவானின்கள் வட்டமாகக் கைகோத்து ஒரு தட்டாகின்றன. 1962-இல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகிய மூவர் குவானின் அடங்கிய குவானிலிக் அமிலக் கூழ்மத்தில் இந்த அமைப்பைக் காட்டினார்கள். தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது நடுவில் ஆக்சிஜன்கள் நெருக்கியடித்து நிற்கும். எல்லாம் எதிர்மின்தன்மை, ஒன்றையொன்று தள்ளும். அங்கேதான் நேர்மின்னூட்டமுள்ள பொட்டாசியம் அயனி வேண்டும். இரண்டு தட்டுகளுக்கு இடையில் உட்கார்ந்து எட்டு ஆக்சிஜன்களை அது இழுத்துப் பிடிக்கிறது. சோடியம் சிறியது, தட்டுக்குள்ளேயேகூட அமர்ந்துவிடும், பிடிப்பு குறைவு. லித்தியம் பெரும்பாலும் உதவாது. மனிதக் குரோமோசோம் நுனியில் உள்ள டி.என்.ஏ. தொடர் சோடியக் கரைசலில் ஒரு விதமாக மடிகிறது. அதே தொடருக்குப் பொட்டாசியத்தோடு 2002-இல் கிடைத்த படிகத்திலோ தட்டடுக்கின் நான்கு பக்கத்து இழைப்பகுதிகளும் ஒரே திசையில் ஓடின. ‘மடங்கு’ என்ற சொல்லில் இதில் எது தெரிகிறது?

(‘அயனி’ என்ற சொல்லை மட்டும் தொடாதீர்கள். ‘மின்மம்’ என்று மாற்றத் துடிப்பவர்களுக்கு ஒரு செய்தி: விஞ்ஞானி ஃபாரடே 1834-இல் புழங்கவிட்ட அந்தக் கிரேக்கச் சொல்லுக்குச் ‘செல்வது’ என்று பொருள். உத்தராயணத்தில் வரும் அயனமும் அதே வேரில் பிறந்த உறவுதான்.)

நமக்குப் ‘புரி’ இருக்கிறது. வைக்கோற்புரி திரித்தவர்களுக்குத் தெரியும், முறுக்கேறிய இழை புரி. மூன்று சேர்ந்தால் முப்புரி. பூணூலுக்கே முப்புரிநூல் என்று பெயர். நான்கு சேர்ந்தால் நாற்புரி, நாற்காலி மாதிரி. தனித்தமிழ் வெறியில் சொல்லவில்லை. குவாட்ருப்ளெக்ஸ் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை, அது யாரையும் ஏமாற்றாது. தமிழ்போலத் தோன்றித் தவறாகப் புரியவைக்கும் சொல்தான் ஆபத்து.

‘நான்கிழை டி.என்.ஏ.’ போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. ஒரே இழை மூன்று இடங்களில் திரும்பி நான்கு பக்கமாகவும் நிற்கும். இரண்டு இழைகள் சேர்ந்தும் ஆகும். நான்கு தனி இழைகளும் ஆகும். இழையை எண்ணினால் கணக்கு உதைக்கும். புரியை எண்ணினால் எப்போதும் நான்கு. ஒரே நூலை மடித்து மடித்து முறுக்கினாலும் கயிறு திரிப்பவர் புரியைத்தானே எண்ணுவார்? வேறுபடுத்த வேண்டுமானால் ஓரிழை நாற்புரி, ஈரிழை நாற்புரி, நாலிழை நாற்புரி என்று எழுதிக்கொள்ளலாம்.