நிற்காத ரேடியேட்டர் ஃபேன்: மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்

சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டே இருந்தால், பலரும் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகிப்பார்கள். கெட்டுப்போன மோட்டார் சுற்றாமல் போகும், அல்லது சத்தம் போடும். மின்சாரம் வராமல் தானாகச் சுற்ற அதற்கு வழியே இல்லை. ஆகவே அந்த மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

அதற்கு முன், இது கோளாறுதானா என்று பாருங்கள். மாலை நேரத்தில் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து வந்த காரில், இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் சில நிமிடம் சுற்றுவது பல மாடல்களில் இயல்பு. புகை வடிகட்டி உள்ள டீசல் கார்களில், வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலை பாதியில் நின்றால் ஃபேன் வேகமாக ஓடும். ஏசி போட்டிருந்தால் இன்ஜின் சூடாகாவிட்டாலும் ஃபேன் ஓடத்தான் செய்யும். காலையில் குளிர்ந்த இன்ஜினில், ஏசியை அணைத்துவிட்டு, இக்னிஷனை மட்டும் போட்டதுமே ஃபேன் முழு வேகத்தில் கிளம்பினால் அது கோளாறு.

ஃபேன் இயங்கும் வகை எளிமையானது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தை ஒரு சென்சார் அளக்கிறது. பெரும்பாலான கார்களில் 95 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரிலேயை, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் மின்சுவிட்சை, இயக்குகிறது. 90 டிகிரியை ஒட்டி இறங்கியதும் விடுவிக்கிறது. பழைய கார்களில் ஈசியுவுக்குப் பதில் ரேடியேட்டரிலேயே ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கும். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஃபேன் நிற்காது. கனெக்டரைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

ரிலே உள்ள கார்களில் முதல் சோதனை, ஃபேன் ரிலேயைப் பிடுங்குவதுதான். பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் வரைபடம் இருக்கும். குறைந்த வேகம், அதிக வேகம் என்று இரண்டு ரிலேக்கள் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஃபேன் எந்த நொடியும் கிளம்பலாம், கையைத் தள்ளியே வையுங்கள்.

பிடுங்கியும் ஃபேன் நிற்கவில்லை என்றால், ரிலேக்கு அப்பால் ஏதோ ஒரு வயர் வேறொரு மின்வயரோடு உரசுகிறது. பெங்களூரின் அடித்தள பார்க்கிங்குகளில் எலி கடித்த வயரிங்கை முதலில் தேடுங்கள். நின்றுவிட்டால், பிடுங்கிய ரிலேயில் 30, 87 என்ற முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை, மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும் பீப் நிலையில் வையுங்கள். பீப் கேட்டால் உள்ளே முனைகள் உருகி ஒட்டிவிட்டன. ரிலேயை மட்டும் மாற்றினால் போதும், பெங்களூர் ஜே.சி. ரோட்டின் கார் உதிரிபாகக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆம்பியர் அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஒட்டியதற்குக் காரணம் மோட்டார் இறுகி அதிக மின்சாரம் இழுப்பதாக இருந்தால் புதிய ரிலேயும் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரைக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

பீப் வராமல், சாக்கெட்டில் 85, 86 முனைகளுக்கு இடையே 12 வோல்ட் காட்டினால், ஃபேனை ஓட்டச் சொல்வது ஈசியு. பெரும்பாலும் அது காரணமில்லாமல் சொல்வதில்லை. சென்சார் வயர் அறுந்தாலோ, மழைநீர் புகுந்து கனெக்டரில் பச்சை பூத்தாலோ, வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று ஈசியுவுக்குத் தெரியும். அந்த எண்ணை நம்பாமல், பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் விடுகிறது. ஃபேன் வீணாக ஓடினால் போவது பேட்டரி. ஓடாமல் நின்றால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட்டே சூட்டில் வளைந்துவிடலாம். ஈசியுவில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0118 (P0118) என்ற கோளாறுக் குறியீடு வந்தால் இந்தப் பக்கம் தேடுங்கள்.

குறியீடு வராமலும் சென்சார் பொய் சொல்லும். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பல கார்களின் சென்சார் 25 டிகிரியில் ஏறத்தாழ 2 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் காட்டும். சென்சார் சரி என்றால் ஏசி வாயு அழுத்த சென்சாரையும் பாருங்கள்.

ஓட்டும்போது ஸ்கேனர் உண்மையிலேயே 105 காட்டினால் ஃபேன் தன் வேலையைத்தான் செய்கிறது. கூலன்ட் குறைவு, திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), போர்வெல் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டர் ஆகியவற்றைத் தேடுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தம் தாங்கும் மூடியும், உப்பு நீக்கிய தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலன்டும் இருந்தால்தான் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டும். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது.

வயரை வெட்டி டாஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நெரிசலில் ஒருநாள் போட மறந்தாலே இன்ஜின் போய்விடும். சரிசெய்யும் வரை, இரவில் ரிலேயைக் கழற்றி வைக்கலாம். இல்லாவிட்டால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஃபேன், சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சில மணி நேரத்தில் காலி செய்துவிடும். கழற்றிய ரிலேயை ஸ்டீயரிங்கிலேயே கட்டி வையுங்கள். மாட்டாமல் வண்டியைக் கிளப்ப மாட்டீர்கள்.