மேலே தெளிந்த நீர், உள்ளே காரீயம்

லெட் (காரீயம்) நைட்ரேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றியதும் பளீரென்று மஞ்சள் வீழ்படிவு, அதாவது கரையாத திடப்பொருள், இறங்கும். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த சோதனை. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் அடியில் தங்கிவிடும். மேலே நிறமற்ற நீர் நிற்கும். காரீயம் முழுக்கக் கீழே போய்விட்டது என்று நம்பி அந்த நீரை சிங்க்கில் சாய்ப்பவர்களை ஆய்வகங்களில் இன்றும் பார்க்கிறேன்.

கணக்கு வேறு சொல்கிறது. இரண்டு கரைசல்களும் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்), இரண்டிலும் 100 மில்லி, ஆக ஒவ்வொன்றிலும் 0.01 மோல் என்று வையுங்கள். சம அளவு ஊற்றினோம், சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒரு லெட் அயனிக்கு இரண்டு அயோடைடு அயனிகள் தேவை. 0.01 மோல் லெட்டுக்கு 0.02 மோல் அயோடைடு வேண்டும். நம்மிடம் இருப்பதோ 0.01. ஆக, முதலில் தீர்வது அயோடைடு. அதுதான் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. சுமார் 2.3 கிராம் லெட் அயோடைடு படியும். பாதி லெட், அதாவது ஏறக்குறைய 1 கிராம் காரீயம், அந்த 200 மில்லி நீரிலேயே கிடக்கும். லிட்டருக்கு 5 கிராம்! குடிநீரில் காரீயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 5 லட்சம் மடங்கு வித்தியாசம். லெட் அயனிக்கு நிறமில்லை, கண்ணை நம்பிப் பயனில்லை.

தெளிந்த நீரில் சில துளிகளைச் சோதனைக்குழாயில் எடுத்து, ஒரு துளி அயோடைடு விடுங்கள். மறுபடி மஞ்சள் வந்தால் லெட் மிச்சம் இருக்கிறது.

சரி, அயோடைடைத் தாராளமாக ஊற்றிவிடலாமா? மிகையானால் வீழ்படிவே கூடுதல் அயோடைடுடன் இணைந்து, கரையக்கூடிய அணைவு அயனியாக மாறித் திரும்பக் கரையத் தொடங்கும். குளோரைடும் உதவாது, லெட் குளோரைடு அறை வெப்பநிலையில் லிட்டருக்கு 10 கிராம் அளவுக்குக் கரையும். கழிவுக்கு நான் பரிந்துரைப்பது சோடியம் சல்பேட்; காரீயம் லெட் சல்பேட்டாகப் படியும். ஒரு லெட் அயனிக்கு ஒரு சல்பேட் அயனி, விகிதம் 1:1, கணக்கும் எளிது. கொஞ்சம் மிகையாகச் சேர்த்தால் பொது அயனி விளைவால் (வீழ்படிவில் உள்ள அதே அயனி நீரில் மிகையாக இருப்பதால்) அதன் கரைதிறன் இன்னும் குறையும். லிட்டருக்கு 0.01 மோல் சல்பேட் மிஞ்சியிருந்தால், கரைந்த காரீயம் கணக்குப்படி லிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கும். அதுவும் 10 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு அதிகம்தான். அதனால் வடிகட்டிய நீரும் வீழ்படிவும் 'காரீயக் கழிவு' என்று எழுதி ஒட்டிய மூடிபோட்ட கலன்களுக்குத்தான் போக வேண்டும், சிங்க்குக்கு அல்ல.