கணினியால் முழுதாக எழுத முடியாத இருமா

கோலாலம்பூரில் நிரலாக்கம் படிக்கத் தொடங்கும் மாணவர் ஒருவர் உணவகத்துக்குப் பில் போடும் நிரலை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வெள்ளி (ரிங்கிட்) பத்து காசு விலையுள்ள ரொட்டி சானாய் மூன்றுக்கு எவ்வளவு என்று பைத்தான் என்ற நிரல்மொழியில் 1.1 * 3 எனக் கேட்டால், 3.3000000000000003 என்று விடை வரும். எங்கோ தவறாகத் தட்டிவிட்டோம் என்றுதான் அவர் முதலில் எண்ணுவார். ஆனால் எத்தனை முறை தட்டினாலும் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த மூன்று போகாது.

காரணம், கணினி பின்னங்களைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. 0 அல்லது 1 மட்டுமே ஏற்கும் அதன் பிட்களில் புள்ளிக்கு வலப்புறம் உள்ள இடங்கள் அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஒவ்வொன்றும் முந்தியதில் பாதியாகக் குறைந்துகொண்டே போகின்றன. பழைய தமிழ்க் கணக்கு வாய்பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. முக்கால் என்பது அரையும் காலும் சேர்ந்தது என்பதால் கணினியில் துல்லியமாக அடங்கிவிடும். அதே வாய்பாட்டில் இருமா எனப்படும் பத்தில் ஒன்று மட்டும் அடங்காது. பத்துக்குள் ஐந்து ஒளிந்திருக்கிறது, பாதிகளை எவ்வளவு அடுக்கினாலும் ஐந்தில் ஒரு பங்கு அமையாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வதுபோல, பத்தில் ஒன்று, 0, 1 மட்டும் கொண்ட இரும முறையில் 0.000110011 என்று தொடங்கி, 0011 என்ற தொடர் முடிவின்றித் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

முடிவில்லாததை 64 பிட்களுக்குள் வைக்க வேண்டுமானால் எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். கணினிகள் இத்தகைய எண்களைச் சேமிப்பதற்காக 1985இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 என்ற பொதுத் தரம், 64 பிட் எண்ணின் மதிப்புள்ள இலக்கங்களுக்கு 53 பிட் துல்லியத்தை வகுத்தது. அதற்குமேல் வருவது அருகிலுள்ள மதிப்புக்கு முழுமையாக்கப்படும். அதனால் 0.1 என்று நாம் எழுதுவது உள்ளே 0.1000000000000000055 என்ற அளவில் தங்குகிறது.

இவ்வளவு சிறிய பிழை பணத்தைப் பாதிக்குமா? மலேசியாவில் பாதிக்கும். ஒரு காசு நாணயம் 2008 ஏப்ரல் 1 முதல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டதால், ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து காசுக்கு மாற்றப்படுகிறது. நிறுத்து வாங்கிய தக்காளியின் விலை 1.13 வெள்ளி என்றால், கடைக்காரருக்கு 1.15 வரவேண்டும். மாணவரின் நிரலோ 1.13ஐ 100ஆல் பெருக்கி 112.99999999999999 என்று பெறும், முழு எண்ணாக்கும்போது பின்னம் உதிர்ந்து 112 ஆகும், அது 1.10 ஆகச் சுருங்கும். கல்லாவில் ஐந்து காசு குறையும். பல தொகைகளில் ஐந்து காசுக்கு மாற்றும் இந்த முழுமையாக்கலே பிழையை மூடிவிடும் என்பதால், சோதித்துப் பார்க்கும் மாணவருக்கு இது எளிதில் அகப்படாது என்பதுதான் தொல்லை.

ஆகவே வெள்ளியைப் புள்ளியோடு வைக்காமல், தொடக்கம் முதலே காசாக, 113 என்ற முழு எண்ணாக வைப்பதே என் பரிந்துரை. மொத்தம் வந்த பிறகு, ஒரே ஒரு முறை, அதோடு இரண்டைக் கூட்டி, ஐந்தால் வகுத்து, மீதியைத் தள்ளி, மீண்டும் ஐந்தால் பெருக்கினால் 115 கிடைக்கும்.