பங்கு பிளக்குமா?

பெரியப்பாவுக்குப் போன மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் நிறுவனம் பங்குப் பிளவை அறிவித்துள்ளது.' கம்பெனி உடைந்துவிட்டது, போட்ட பணம் போச்சு என்றே நினைத்துவிட்டார். எல்லாவற்றையும் விற்றுவிடு என்று எனக்குப் போன். நடந்தது என்னவோ, 10 ரூபாய் முகமதிப்புள்ள (பங்கின் மேல் குறித்த மதிப்பு, சந்தை விலை அல்ல) ஒரு பங்கு 2 ரூபாய்ப் பங்குகள் ஐந்தானது, அவ்வளவுதான். 2021-ல் ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் செய்ததும் இதைத்தான்.

இதை ஆங்கிலத்தில் 'ஸ்டாக் ஸ்பிளிட்' என்பார்கள், அதன் மொழிபெயர்ப்புதான் பங்குப் பிளவு. 'ஸ்பிளிட்' டச்சு வழி வந்த சொல். முதலில் பாறையில் மோதிக் கப்பல் உடைவதைக் குறித்தது, அப்புறம் எங்கும் பரவியது.

நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. உளுந்தை உடைக்கிறோம். தலையில் வகிடு எடுக்கிறோம். ஹோட்டல் பில்லைப் பிரித்துக்கொள்கிறோம். பிளப்பது விறகையும் பனங்கிழங்கையும். அவித்த கிழங்கின் நுனியில் நகத்தை வைத்து இழுத்தால் நெடுக இரண்டாகும், நடுவில் இருக்கும் தும்பு தெரியும். மறுபடி ஒட்டாது.

'அணுக்கருப் பிளவு இருக்கிறதே, பங்குப் பிளவு ஏன் கூடாது?' என்று சிலர் கேட்கிறார்கள். அணுக்கருவுக்கு அது பொருந்தும். யுரேனியக் கரு இரண்டாகிறது, ஆற்றல் வெளிவருகிறது, பழைய கரு இல்லாமலே போகிறது. 1939-ல் இயற்பியலாளர்கள் மைட்னரும் ஃபிரிஷும் இதற்குப் பெயர் வைத்தபோது, செல் இரண்டாகப் பிரிவதற்கு உயிரியலார் சொன்ன 'ஃபிஷன்' என்பதைக் கடன் வாங்கினார்கள். ஆக, ஆங்கிலமே கருவுக்கு ஃபிஷன், பங்குக்கு ஸ்பிளிட் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தவர்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள், வாசிக்கிறவர் காதில் அது எப்படி விழும் என்று யோசிப்பதில்லை. கட்சியில் பிளவு, குடும்பத்தில் பிளவு, சுவரில் பிளவு என்றே கேட்டுப் பழகிய காது அது. பங்கில் பிளவு என்றால் பதறாமல் என்ன செய்யும்?

'பங்குப் பிரிப்பு' பரவாயில்லை. ஆனால் அண்ணன் தம்பி சொத்தில் பங்கு பிரிப்பதும் அதே சொல்தான். என் கட்சி பகுப்பு. பகு என்றால் அளந்து கூறாக்குவது. பகுதி அதிலிருந்து வந்ததுதான். பங்குப் பகுப்பு என்றால் மொத்த அளவு மாறாமல் எண்ணிக்கை கூடுவது விளங்கும். 'உங்கள் ஒவ்வொரு பங்கும் ஐந்தாகப் பகுக்கப்படுகிறது' என்று அந்தச் செய்தி வந்திருந்தால், பெரியப்பா எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும்தான் கேட்டிருப்பார்.